ஒரு பிடி மரச்சீவல்

மாடிப்படியில் பாதி ஏறியிருக்கையில் மனைவியின் சிரிப்பு கேட்டது; எலிக்காரன் பயந்து நின்றுவிட்டான்.

மனைவி சிரித்தால் மகிழ்வதே உலக வழக்கம். ஏழு மாதங்களுக்கு முன்புவரை அவனும் அந்த வழக்கத்துக்கு உட்பட்டவனாகத்தான் இருந்தான். ஆனால் இந்த ஏழு மாதங்களில் அவள் ஒருமுறையேனும் சிரித்ததாக அவனுக்கு நினைவில்லை. சிரிக்காத இந்த ஏழு மாதங்களில்தான் அவளுக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. இவ்விரண்டுக்கும் மனத்தில் எப்போது முடிச்சுப் போட்டான் என்பது அவனுக்கே தெரியாது. முடிச்சு மட்டும் நன்றாக இறுகியிருந்தது.

நனைந்த குடையை மடக்காமல் அப்படியே காது கொடுத்தான்.

"அளவு நாடாவைப் பிடிச்சுக்கிட்டு உங்களைச் சுத்தி வரதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது அக்கா. இடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு நீங்களே கை வெச்சுக் காட்டிடுங்க."

"அடிப்பாவி! போன வாய் திரும்பி வந்திடுச்சா உனக்கு?"

"ஊமையாத் தெச்சா அளவு தப்பாப் போகுதுன்னு தெருவெல்லாம் சொன்னது நீங்கதானே? அதான் வாயைத் திறந்து தெக்கறேன்."

மற்றக் குரல், கீழே சலவைக்கடை நடத்தும் கீழ்வீட்டுக்காரியுடையது. அவள் சிரித்தால் கைப்பிடிச் சுவர் அதிரும், இப்போதும் அதிர்ந்தது. எலிக்காரன் உள்ளே நுழைந்தான்.

"வாங்க அண்ணே. நாளைக்கு வரும்போது இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க," என்று சொல்லியபடியே கீழ்வீட்டுக்காரி தன் பெருத்த உடம்பைக் கதவுக்குள் பக்கவாட்டில் செலுத்தி இறங்கிப் போனாள்.

அவன் கண் தையல் மிஷின்மேல் நின்றுவிட்டது. அது ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரும்புக்கால் மிஷின், தரையில் நான்கு புதிய கீறல்கள் வளைந்து கிடந்தன. முன்பெல்லாம் அதன் இடம் ஜன்னலடிதான். தைத்தபடியே பாதித் தெருவோடு அவள் வாயாடுவாள். வலிப்பு மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதத்தில், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று சொல்லி, அவனைக் கொண்டே அதைச் சுவர்ப்பக்கம் திருப்ப வைத்தாள். வெளிச்சமன்று, தெருவில் போகிறவர்களின் முகங்கள்தாம் அவளைக் குத்தின என்பது அவனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"யாரு திருப்பினது?"

"நானும் அக்காவுந்தான். முக்கால்வாசி அக்கா." அவள் துண்டை நீட்டினாள். "தலையைத் துவட்டுங்க. ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் அடுக்களைக்குப் போனதும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது. இன்று காலைவரை எல்லாக் குழிகளும் காலி. ஒரு மூச்சு விட்டான். வேலைச்சட்டையைக் கழற்றும்போது அதன் மூன்றாம் பொத்தான் அறுந்து போயிருப்பதைக் கண்டு, கையோடு ஒன்றைத் தேடி வைக்கலாம் என்று மிஷின் இழுப்பறையிலிருந்த பொத்தான் டப்பாவைத் திறந்தான். வெள்ளைப் பொத்தான்களை விரலால் கிளறினான். ஒரு பொத்தானுக்குத் துளை இல்லை.

இன்னொன்றுக்கும் இல்லை. துளையில்லாதவற்றைப் பொறுக்கி மிஷின் பலகைமேல் வரிசையாக வைத்தான். ஒன்பது.

ஒரு நாளைக்கு இரண்டு வீதம் நாலரை நாள். திங்கட்கிழமைக் காலையிலிருந்து அவள் மாத்திரை விழுங்கவில்லை, இன்று வெள்ளி. விரலைவிட்டு எண்ணும் அவசியம் அவனுக்கு இல்லை. மருந்தை நிறுத்திய ஐந்தாம் நாள் எப்படியிருக்கும், ஆறாம் நாள் எப்படியிருக்கும் என்பது அவன் தொழில்.

ஓர் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் பதினாறு ஆண்டுகளாக எலிகளைப் பராமரிக்கிறவன் அவன். தெரு அவனுக்கு வைத்த பெயரை அவன் மறுத்ததில்லை. அங்கே பொழுது தலைகீழ். எலிகளுக்கு விழிப்பு இருட்டில். எனவே மனிதர்கள் வேலை பார்க்கும் பகல் நேரத்தில் அறையை இருட்டாக்கி, எலிகளின் கண்ணுக்கு எட்டாத சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் எரிய விடுவார்கள். அந்தச் செவ்விருட்டில் நாற்பது கூண்டுகள், கூண்டுக்கு இரண்டு எலிகள். வாரம் இருமுறை நனைந்த மரச்சீவல் படுக்கையைக் கொட்டி, கூண்டைக் கழுவி, நீராவியில் அவித்துலர்த்திய புதுச்சீவலைப் பரப்ப வேண்டும். பரப்பியபின் பழையதில் காய்ந்த ஒரு பிடியை எடுத்து மூலையில் போட வேண்டும். முழுக்கப் புதிய கூண்டில் தன் வாசம் இல்லாமல் எலி மிரளும். ஒரு பிடிப் பழஞ்சீவல் இருந்தால், இது நம் வீடுதான் என்று அடங்கிவிடும்.

அவை வலிப்பு எலிகள். பல மாதங்களுக்கு முன் போட்ட ஓர் ஊசியால் நோய் பற்றியவை. அவற்றில் பாதிக்கு மருந்தும் பாதிக்கு வெறும் உப்புநீரும் நாள்தோறும் கொடுக்கப்பட்டன. மருந்து வந்திறங்கிய பெட்டியின்மேல் இருந்த பெயரும் அவன் மனைவியின் மாத்திரை அட்டைமேல் இருந்த பெயரும் ஒன்றே. எந்தக் கூண்டுக்கு எது என்பது ஆய்வை நடத்தும் மேடத்தின் மேசையில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. கூண்டுகளில் வெறும் எண்கள். மருந்து வலிப்பைத் தடுக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். வலிப்பைத் தடுக்கிற மருந்து எலியின் பயத்தைக் கூட்டுகிறதா, கூட்டாளியை நாடும் குணத்தைக் குறைக்கிறதா என்பதே மேடத்தின் கேள்வி.

சென்ற ஆண்டு, பாதியில் மருந்தை நிறுத்தினால் என்னவாகும் என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் அந்த எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு விளையாடின. அவன்கூட மகிழ்ந்தான். ஐந்தாம் நாள் மீசை துடித்தது. ஆறாம் நாள் தலை ஆடி, முன்கால்கள் உயர்ந்து, பின்கால்களில் நின்றபடியே சரிந்து விழுந்தன. சில எழவேயில்லை.

அடுக்களையிலிருந்து ரொட்டியும் காய்கறிச் சாறும் வந்தன. தட்டை வைக்க இடம் தேடிய அவள் கண், மிஷின் பலகையைப் பார்த்தது.

"இது என்ன?" என்றான்.

அவள் தட்டை முக்காலியில் வைத்தாள். "பொத்தான்."

"துளை எங்க?"

"இனிமேதான் போடணும்."

"விளையாடாதே."

"விளையாடி எத்தனை நாளாச்சு, சொல்லுங்க. நாலு நாளாத்தான் விளையாடறேன்."

அவன் அட்டையிலிருந்து மாலை மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர்க் குவளையோடு நீட்டினான். அவள் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அந்தக் குரல் வீட்டுக்குரியதன்று, கூண்டறைக்குரியது. சொன்னபின்தான் அவனுக்கே அது காதில் விழுந்தது. அவள் வாயைத் திறந்தாள், நாக்கையும் தூக்கினாள். மாத்திரை நாக்கடியில் பத்திரமாக இருந்தது. அதை உள்ளங்கையில் துப்பி, ஒன்பதோடு பத்தாவதாக வைத்தாள்.

"எலிக்கும் இப்படித்தான் பாப்பீங்களா?"

"எலி எதிர்த்துப் பேசாது."

"நானும் ஏழு மாசம் பேசலியே."

மழை கூரைத் தகரத்தில் வலுத்தது. அவன் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. "கை விரல்ல மிஷின் ஊசி ஏறினது மறந்துபோச்சா? நகத்தைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வந்துது. கை ஊசியில மாட்டியிருக்கு, உடம்பு அந்தப் பக்கம் இழுக்குது. யாரு சக்கரத்தைத் திருப்பி எடுத்தது?"

"நீங்கதான்."

"ஞாபகம் இருக்கில்ல?"

"எனக்கு எங்க இருக்கும்? விழுந்தவளுக்கு ஞாபகம் இருக்காது, பாத்தவருக்குத்தான் இருக்கும். ஏழு மாசமா உங்க ஞாபகத்துக்குத்தான் நான் மாத்திரை சாப்பிடறேன்."

வாதத்தில் தோற்ற மனிதன் குறை சொல்லத் தொடங்குவான். அவன் சாற்றில் உப்பில்லை என்றான். அவள் உப்பை எடுத்துவந்து வைத்தாள்.

"கதவை யாராவது தட்டினா நெஞ்சு அடிச்சுக்குது," என்று உட்கார்ந்தாள். "அளவெடுக்கும்போது அடுத்தவங்க தோள்ல கை பட்டா உடம்பு கூசுது. தையக்காரிக்குக் கை கூசினா என்ன பண்றது? கண்ணளவுல வெட்டினேன், ரெண்டு சட்டை பாழாச்சு. எங்க அக்கா வந்து ரெண்டு நாள் இருந்தா. கூடப் பொறந்தவ. எப்பக் கிளம்புவான்னு இருந்துது எனக்கு. கதவு மூடினதும் மூச்சு வந்துது. அன்னிக்குத்தான் பயந்துட்டேன், என்னைப் பாத்து நானே."

"அது உன் மனசுல இருக்கற பயம். மாத்திரை அப்படிப் பண்ணாது. எலியிலேயே பாத்தாச்சுன்னு போன மாசமே சொன்னேனே."

"சொன்னீங்க. நானும் நம்பினேன். மாத்திரை இல்லைன்னா அப்ப நான்தானே? என் குணமே இதுதான், இத்தனை வருஷம் சிரிச்சதுதான் பொய்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. "அப்பறந்தான் தோணுச்சு. நாலு நாள் நிறுத்திப் பாத்துடுவோம், எது பொய்னு தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுதா?"

"படியேறும்போது என் சிரிப்பைக் கேட்டீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

அவன் ரொட்டியைச் சாற்றில் தோய்த்தான்.

"சரி, எலியில எப்படிப் பாத்தாங்க? அதைச் சொல்லுங்க," என்றாள்.

"உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"ஏழு மாசமா நான் வாயைத் திறக்கல. திறந்த அன்னிக்கும் எலியை வெச்சு அடைச்சீங்க. அந்த எலி என்னதான் பண்ணுச்சுன்னாவது எனக்குத் தெரிய வேணாமா?"

கோபத்தைவிட விளக்கம் எளிது. அவன் பொத்தான் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்தான். அதற்கு வலப்பக்கம் நூற்கண்டு ஒன்றையும் இடப்பக்கம் நூல் தீர்ந்த காலி உருளை ஒன்றையும் வைத்தான்.

"ஒரு பெட்டி, மூணு அறை. நடு அறையில நம்ம எலி. இந்தப் பக்கத்து அறையில கம்பிக்கூட்டுக்குள்ள புது எலி ஒண்ணு. அந்தப் பக்கம் சும்மா கம்பிக்கூடு, உள்ள ஒண்ணுமில்ல. ரெண்டு கதவையும் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் படம் எடுப்பாங்க. துணை வேணும்கற எலி, புது எலிகிட்டப் போய் நிக்கும். வேணாம்கறது காலிக் கூட்டுப் பக்கமே கிடக்கும்."

"என்னை மாதிரி."

"கேளு. மருந்து குடிச்ச எலியும் புது எலிகிட்டப் போச்சு, குடிக்காததும் போச்சு. நேரத்தை அளந்தாங்க. வித்தியாசமே இல்ல. அப்ப மருந்து என்ன கெடுத்துது?"

அவள் தவறாக மூட்டிய தையலைப் பார்ப்பதுபோல் நூற்கண்டைப் பார்த்தாள். "இந்தப் புது எலி, அதுக்கு முன்னப் பின்னத் தெரியாததா?"

"தெரிஞ்சதை வெச்சா எப்படி? அதுங்க எதிர் அறையில தனியா இருக்கு. நாங்க விருந்தாளின்னு சொல்வோம். முகம் பாத்திருக்காது, வாசம்கூடப் பட்டிருக்காது. அதோட கூண்டுச் சீவல்ல ஒரு துரும்புகூட இந்தப் பக்கம்…"

நூற்கண்டைச் சுட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே, சில கூண்டுகளில் இரண்டு எலிகளும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைச் சுவரில் வைத்துப் படுக்கத் தொடங்கியதை அவன் கண்டிருந்தான். எலி ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்கும் பிராணி; தனியே படுக்கும் எலியைக் காண அவனுக்குப் பொறுக்கவில்லை. எதிர் அறை விருந்தாளிகள் கொழுத்தவை, நோயற்றவை, அச்சமென்பதே அறியாதவை. அந்தக் கூண்டுகளைக் கழுவும்போது காய்ந்த சீவலில் ஒரு பிடி எடுத்துவந்து, தனியே படுக்கிறவற்றின் கூண்டில் தூவினான். தைரியசாலியின் வாசம் கோழைக்கு நல்லது என்பது அவன் சொந்த வைத்தியம். தூவியதும் அவை மூலையை விட்டு வந்து மோப்பம் பிடித்தன. அதைப் பார்த்த சந்தோஷத்தில் ஒவ்வொரு கழுவலுக்கும் தூவினான். வெளிச்சீவல் எதையும் கலக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பதினாறு ஆண்டுப் பழக்கமுள்ள கை, ஒரு பிடிச் சீவலை விதிமீறல் என்று ஒப்புவதில்லை. உபசாரம் என்றே எண்ணுகிறது.

ஆக, சோதனைப் பெட்டியில் அந்த எலிகள் போய் நின்றது அந்நியனிடம் அல்ல. ஏழெட்டு வாரமாகத் தம் படுக்கையில் மணந்த ஒருவனிடம்.

"என்னங்க?" என்றாள் அவள். "முகம் ஏன் இப்படி ஆச்சு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த ஒரு பிடியை அறிந்தவன் உலகத்தில் அவன் ஒருவனே. சொன்னால் வேலைக்கு ஆபத்து. மேடத்தின் மூன்று மாதம் வீண். சொல்லாவிட்டால் அவள் இந்தப் பத்தோடு பதினொன்றாவதையும் வரிசையில் வைப்பாள். அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், அதற்கே சாறு ஆறிப்போயிற்று.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் நூற்கண்டை எடுத்துக் காலி உருளையின் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப அது நான் இல்ல," என்றாள்.

"நீ இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ இல்ல. மாத்திரைதான். போதுமா? இப்ப இதைப் போட்டுக்க. நாளைக்கே டாக்டரைப் பாக்கலாம், வேற மருந்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா மாத்தச் சொல்லலாம். இப்படித் திடீர்னு நிறுத்தினா தாங்காது. நான் பாத்திருக்கேன்."

"டாக்டர்கிட்டப் போனா, பயம்தாம்மா, வலிப்பு நின்னுச்சே அதைப் பாருன்னுவாரு. நீங்களும் தலையாட்டுவீங்க. போன தடவை ஆட்டினீங்க." அவள் எழுந்து தட்டுகளை எடுத்தாள். "முதல்ல உங்க மேடம்கிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. வந்ததும் போடறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்னா சொல்றேன்? அங்க சொல்லாத வரைக்கும் மாத்திரை நல்லதுன்னு தாள்ல இருக்கும். தாள்ல ஒண்ணு இருந்துச்சுன்னா நீங்க என்னை நம்ப மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியும்."

"நாளைக்கு ஆறாவது நாள்."

"அப்ப சீக்கிரம் வாங்க."

அதற்குமேல் அவன் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. மிஷினைத் தொடுவதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டு, சக்கரத்தின் தோல்பட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. தோல்பட்டையைச் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு இறங்கியவன், சலவைக்கடை வாசலில் நின்றான்.

"கொஞ்சம் மேல போய் அவகூட இருங்க. ஒருவேளை விழுந்துட்டா, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையக் கால இறுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு எனக்கும் பண்ணுங்க."

"என்ன அண்ணே, நேத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாளே?"

"அதனாலதான்," என்றான்.

மேடம் இன்னும் வந்திருக்கவில்லை. சோதனைகளைப் படமெடுப்பவர், ஓய்வுக்கு ஓராண்டு மிச்சமுள்ளவர், சிவப்பு விளக்கடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எலி கடிச்ச மூஞ்சியோட வர்றே?"

"கடிச்சாத் தேவலை."

"திங்கட்கிழமை கட்டுரை போகுது தெரியுமில்ல? கடைசியில நன்றின்னு ஒரு வரி வரும். உன் பேரையும் போடச் சொல்லியிருக்கேன். வீட்டுல காட்டு."

எலிக்காரன் கூண்டுகளின் முன்னால் நடந்தான். பன்னிரண்டு, பதினேழு, இருபத்தொன்று. ஆளுக்கொரு மூலை. இருபத்தொன்றில் ஒரு பெண் எலி முகத்தைச் சுவரில் பதித்திருந்தது. மறுபடி ஒரு பிடி போட வேண்டுமென்று கை துடித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மேடம் ஒல்லியான, குறைவாகப் பேசுகிற பெண்மணி. அவன் மேசையின் முன் நின்று சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை.

"எத்தனை கூண்டு?"

"பதினெட்டு மேடம்."

"எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"தனியாப் படுக்கறதைப் பாத்து."

"அப்ப மருந்துக் கூண்டு எதெதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியாது மேடம். எது தனியாப் படுக்குதுன்னுதான் தெரியும்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். "எண்ணை எழுதுங்க."

அவன் நின்றபடியே பதினெட்டு எண்களை எழுதினான். மேடம் பிரித்த உறையிலிருந்து பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பென்சில் இரண்டு இடங்களில் தயங்கியது. மற்றபடி நிற்கவேயில்லை.

"பதினாறு," என்றார். "பதினெட்டுல பதினாறு மருந்துக் கூண்டு."

பட்டியலை மடித்து உறைக்குள் வைத்தார்.

"இந்த ஒரு கேள்விக்கு மூணு மாசம் சோதனை பண்ணினேன். பதில் உங்க கண்ணுல இருந்திருக்கு. நீங்க அதைச் சீவலைப் போட்டு மூடிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். "வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு என்ன? எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணணும். எலிங்க உட்பட."

அவன் இருபத்தொன்றாம் கூண்டை நினைத்தான். "என் வீட்டுக்காரங்க இதே மருந்துதான் சாப்பிடறாங்க மேடம். அஞ்சு நாளா நிறுத்திட்டாங்க. வித்தியாசம் இல்லைன்னு நான் வீட்டுல சொல்லிட்டேன்."

மேடம் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு ஆறாவது நாளா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் இங்க நிக்கறீங்க?"

"இங்க சொல்லிட்டு வந்தாத்தான் மாத்திரை போடுவேன்னுட்டாங்க."

"போங்க. நான் எலிக்குத்தான் டாக்டர். உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. எலியில பாத்தது மனுஷங்களுக்கு அப்படியே பொருந்தும்னு கிடையாது. ஆனா உங்க மனைவி சொல்றதை அவர் எழுதிக்கணும். எழுதற வரைக்கும் எழுந்திருக்காதீங்க." பேனாவை மூடினார். "நடந்ததை எழுதி மேல அனுப்பியாகணும், வேற வழியில்ல. முடிவு வர வரைக்கும் அந்த அறைக்குள்ள நீங்க போகக் கூடாது. சாவியை வெச்சிட்டுப் போங்க."

பதினாறு ஆண்டுச் சாவி மேசைமேல் விழுந்தபோது பெரிதாகச் சத்தமொன்றும் கேட்கவில்லை.

தெருமுனையிலிருந்தே வேகமாக நடந்தான். சலவைக்கடை பூட்டியிருப்பதைக் கண்டதும் ஓடினான். மாடிப்படியில் பாதி ஏறியும் மேலே ஒரு சத்தமும் இல்லை. நேற்று சிரிப்பு நிறுத்திய படியில் இன்று நிற்காமல், இரண்டிரண்டு படியாகத் தாண்டினான்.

வாசற்படியை முழுக்க அடைத்துக்கொண்டு, மடியில் மேசைக்கடிகாரத்தோடு கீழ்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"கடிகாரத்தைப் பாருங்கன்னீங்களே அண்ணே, காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கண்ணு பூத்துப்போச்சு. என்னத்துக்குப் பாக்கறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். மனைவி ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்தால் உயரத்திலிருந்து விழ வேண்டாம் என்று தானே இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். கைகள் மடியில் இருந்தன. இடக்கைப் பெருவிரல் ஒருமுறை வெட்டியது. இடைவெளி விட்டு இன்னொரு முறை. அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எட்டு மணியிலேர்ந்து இப்படித்தான். விட்டு விட்டு வருது," என்றாள். உதடு உலர்ந்திருந்தது. "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"தனியாப் படுக்குதுன்னு நான் எழுதிக் குடுத்த பதினெட்டுல பதினாறு மருந்துக் கூண்டு. சாவியை வாங்கிட்டாங்க. நாலு மணிக்கு டாக்டர், வர்ற வழியிலேயே போன்ல சொல்லி வெச்சிட்டேன். மாத்திரை போடலாமான்னு கேட்டதுக்கு, வழக்கமாப் போடறதை உடனே போடச் சொன்னாரு. நீ சொல்றதை அவர் எழுதற வரைக்கும் நாம எழுந்திருக்கக் கூடாது. மேடம் சொல்லியனுப்பினாங்க."

"நீங்க தலையாட்டக் கூடாது."

"ஆட்ட மாட்டேன்."

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். மாத்திரை அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாளோ, வியர்வையில் ஓரம் கரைந்து விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வாயில் போட்டாள். கீழ்வீட்டுக்காரி குவளையை நீட்ட, குடித்தாள். பிறகு அவனைப் பார்த்து வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கினாள்.

எலிக்காரன் முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாருங்க," என்றாள், வாயை மூடாமலே, குழறியபடி.

"வேணாம்."

வாய் மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகே திரும்பினான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பெருவிரல் ஒருமுறை வெட்டியது. அவன் பக்கத்தில் தரையில் அமர்ந்து, அந்தக் கையின்மேல் தன் கையை வைக்கப் போனவன் நிறுத்தினான். கூசுமோ என்று தோன்றியது. அவளே அதை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்குள்ள மறுபடி சிரிக்காதவளா ஆயிடுவேன் இல்ல?"

"ஆயிடுவே. மருந்து மாத்தி முடியற வரைக்கும்."

"எத்தனை நாளு?"

"டாக்டர் சொல்லணும். மாசக்கணக்கா ஆகலாம்."

கீழ்வீட்டுக்காரி கடிகாரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். எலிக்காரன் எழுந்து மிஷினருகே போனான். நாளைக்கே தெருவின் முகங்கள் அவளைக் குத்தத் தொடங்கும். அதற்குமுன் திருப்பிவிடுவது நல்லது. பலகையின் இரு ஓரத்தையும் பிடித்துத் தூக்க முனைந்தான்.

"அதை விடுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தாலும், அது ஜன்னலைப் பாக்கட்டும்."

அவன் மிஷினை மெதுவாகக் கீழே வைத்தான்.